வீட்டில்தானே இருக்கிறாய்?

கேள்வி:

கொரோனா நேரத்தில் சென்னை ரூமைக் காலி செய்துவிட்டு மதுரை திருநகருக்கே வந்துவிட்டேன். அப்போதிருந்து வீட்டிலிருந்துதான் வேலை. நியூயார்க் கிளையண்ட். மதியம் 2 மணிக்கு லாக்-இன். இரவு 11க்கு முடிய வேண்டும், முடிவதில்லை. சாப்பிடும்போதுகூட மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப் வரும், பதில் போட்டுவிடுவேன். மனைவி ஆசிரியை, காலையிலேயே கிளம்பிவிடுவார். சிலிண்டர், ரேஷன், அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் என் தலையில். "நீ வீட்லதானப்பா இருக்க" என்கிறார் அம்மா. மகள் பேச வந்தால் எரிந்து விழுகிறேன். தூக்கமும் சரியில்லை. வேலையை விட்டுவிடலாமா?

- 36 வயது வாசகர், மதுரை

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை விடுவதைப் பற்றி, நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகு யோசிக்கலாம்.

இரவு 11க்கு மேல் வரும் மெசேஜுக்கு மறுநாள் பதில் போட்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு தடவையாவது இருந்து பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றம் உங்களுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் ஆபீசுக்கு உடனுக்குடன் பதில், வீட்டில் எந்த வேலைக்கும் மறுப்பு இல்லை. இரண்டு பக்கத்தாரும் அதற்கே பழகிவிட்டார்கள்.

மேனேஜரிடம் புலம்ப வேண்டாம். "11க்கு மேல் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை, அவசரம் என்றால் போன் செய்யுங்கள்" என்று வேலை நேரத்திலேயே ஒரு மெயில் போடுங்கள். போன் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். இன்னொன்று, நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அவர்களுடைய காலை 9 மணி நமக்கு மாலை 6.30ஆக இருந்தது, மார்ச் வரை 7.30 ஆகிவிடும். அந்த மாதங்களில் 3 மணிக்கு ஆரம்பிக்கக் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் உங்கள் தூக்கத்திலிருந்துதான் போகும்.

அம்மாவுக்கு லேப்டாப் வேலை புரியாமல் இருக்கலாம், ஷிப்ட் புரியும். மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஹார்விபட்டி உங்கள் பக்கத்து ஊர்தானே. ஷிப்டுக்குப் போனவரை நடுவில் ரேஷன் கடைக்கு யார் அனுப்பினார்கள்? "ரெண்டு மணிக்கு ஷிப்ட்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். கண் ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிப்போங்கள். சிலிண்டர்காரருக்குக் கதவு திறக்க அம்மா போதும்.

மகள் பள்ளி விட்டு வரும் நாலரை மணிக்கு நியூயார்க்கில் காலை 7 தான், குளிர்காலத்தில் 6. அந்த அரை மணி நேரம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவளோடு உட்காருங்கள்.

வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு தடவை எழுதிக் கூட்டிப் பாருங்கள். 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லியிருக்கின்றன.

ஒரு மாதம் இப்படிப் போயும் தூக்கம் வரவில்லை, எரிச்சல் குறையவில்லை என்றால் 14416, அரசின் மனநல ஆலோசனை சேவையான டெலி மனாஸ் எண்ணில் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், இரவு வேலை முடிந்தும் கூப்பிடலாம். நேரில் பார்ப்பதானால் அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. காலையில்தான், உங்கள் ஷிப்டுக்கு இடைஞ்சல் இல்லை.