அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு வரவேண்டிய பணம்: முதலில் எதைக் கேட்பது?

கேள்வி: என் கணவர் நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார், வயது 38. தனியார் மில்லில் எட்டு வருட வேலை, பி.எஃப். பிடித்தம் உண்டு. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. நான் தையலில் மாதம் 5,000 ரூபாய் சம்பாதிக்கிறேன். மில்லில் பணிக்கொடையாகக் கொடுத்த 90,000 கையில் இருக்கிறது. தெரிந்த ஏஜென்ட் குழந்தைகள் பாலிசி போடச் சொல்கிறார், அண்ணன் செல்வமகள் கணக்கில் மொத்தமாகப் போடச் சொல்கிறார். அரசு உதவி ஏதாவது கிடைக்குமா? - வாசகி, தமிழ்நாட்டில் ஒரு நகராட்சிப் பகுதி

பதில்: சகோதரி, பாலிசியும் வேண்டாம், செல்வமகளில் மொத்தமாகப் போடுவதும் வேண்டாம். புதிதாக எதிலாவது பணத்தைப் பூட்டுவதற்கு முன்னால், ஏற்கனவே உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேரவேண்டியது எங்கெல்லாம் கிடக்கிறது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில் அவருடைய வங்கி பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரை என்ட்ரி போட்டு வாங்குங்கள். மே, ஜூன் மாத வரிகளில் 436 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. மாரடைப்பானாலும் 2 லட்சம் ரூபாய் உண்டு. (பக்கத்திலேயே 20 ரூபாய் பிடித்தம் இருக்கலாம், அது விபத்துக்கானது, உங்களுக்குப் பொருந்தாது.) வங்கியில் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் சொல்லாமலே விட்டவர்கள் நிறைய. நான்கு மாதம் ஆகிவிட்டதால் இதை இந்த வாரமே பாருங்கள்.

அடுத்து பி.எஃப். பலர் இங்கே சேர்ந்த பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உங்களுக்கு வரவேண்டியது மூன்று. சேர்ந்த தொகை ஒன்று. இ.டி.எல்.ஐ. (பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பீடு) இன்னொன்று, கடைசி ஒரு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்குக் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். மூன்றாவது பென்ஷன்: உங்களுக்கு மாதம் குறைந்தது 1,000, அப்புறம் இரண்டு பிள்ளைகளுக்கும் அவரவருக்கு 25 வயது ஆகும் வரை, உங்கள் பென்ஷனில் கால் பங்கு தனித்தனியாக. இறப்புக்கான கூட்டுப் படிவத்திலேயே மூன்றையும் கேட்கலாம், மூன்றுக்கும் டிக் போட்டிருக்கிறதா என்று கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை பாருங்கள். மில்லில் "பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னாலும் சரி, நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

அரசு உதவியில் உங்களுக்கு முக்கியமானது மிஷன் வத்சல்யா. தந்தையை இழந்து தாயின் பராமரிப்பில் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் இது. ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. உங்கள் தையல் வருமானம் வருடத்துக்கு 60,000, அதனால் இன்றைய நிலையில் விண்ணப்பிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிப் படிப்புச் சான்று எல்லாம் கொடுக்கவேண்டும். பென்ஷன் வரத் தொடங்கினால் அதையும் வருமானத்தில் காட்டவேண்டிவரும், வரம்பைத் தாண்டினால் இந்த உதவி கிடைக்காமல் போகலாம். அதற்காகப் பென்ஷனைத் தள்ளிப்போட வேண்டாம், அது நிதி ஒதுக்கீட்டையோ யார் தயவையோ நம்பி நிற்பதில்லை.

தமிழ்நாடு அரசின் அன்பு கரங்கள் உதவித் திட்டம் பற்றியும் யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கானது அது, உழைத்துச் சம்பாதிக்கும் தாய் இருக்கும்போது பொருந்தாது. பெற்றோர் இறந்த மாணவருக்கு 75,000 என்பதும் விபத்து மரணத்துக்குத்தான்.

இப்போது அந்த 90,000. நிலையான வருமானம் இல்லாத வீட்டில் வருடாவருடம் பிரீமியம் கட்டும் பாலிசி போட்டு, இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் நிறுத்தினால் போட்டதில் நல்ல பகுதி கைவிட்டுப் போய்விடும். ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் சொல்வது உங்கள் நிலைமைக்கானதல்ல. அண்ணன் சொல்வது தப்பில்லை, நேரம்தான் இதுவல்ல. செல்வமகளில் போட்டால் படிப்புக்குக்கூட மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை அல்லது 18 வயது ஆகும் வரை எடுக்க முடியாது. ஆனால் 10 வயதுக்குள் கணக்குத் தொடங்கியாக வேண்டும், அதனால் 250 ரூபாய் போட்டுத் தொடங்கி வையுங்கள், வருடத்துக்கு 250 போதும், பி.எஃப். பணம் வந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம். மீதியில் 30,000 சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும், மற்றதை வங்கியில் ஒரு வருட டெபாசிட்டாக இரண்டு ரசீதாகப் பிரித்துப் போடுங்கள், அவசரம் என்றால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும்.