பொங்கலுக்குத் துறையூர், பிறகு கோத்தகிரி: பயணப் பணத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் 34 ஆண்டுகள் எழுதுநராக இருந்து ஓய்வுபெற்றிருக்கிறேன். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம், பணிக்கொடை ஆகியவற்றில் கிடைத்த 40 இலட்சம் ரூபாயை 8 சதவீத வட்டியில், என் பெயரில், ஒரே நிலையான வைப்பாக இட்டுள்ளேன். அது வருகிற ஜனவரி 31 ஆம் திகதி முதிர்கிறது. வட்டியும் அன்றுதான் கிடைக்கும். மனைவி அரசாங்கப் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். அவருடைய ஓய்வூதியம் மாதம் 58,000 ரூபாய். சேமிப்புக் கணக்கில் மூன்றரை இலட்சமும் வீட்டில் 14 பவுண் நகையும் உண்டு. கொட்டகலையில் கடனில்லாத சொந்த வீடு இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் தம் காலில் நிற்கிறார்கள். என் பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மனைவியின் சித்தி குடும்பம் 1970களில் இந்தியா திரும்பிக் கோத்தகிரியில் வாழ்கிறது. ஜனவரி 8 முதல் 31 வரை 24 நாட்கள், திருச்சியில் இறங்கி, சாரதியுடன் ஒரு காரை அமர்த்திக்கொண்டு துறையூர், தஞ்சாவூர், மதுரை, இராமேஸ்வரம், கோத்தகிரி என்று சுற்றிவர விரும்புகிறோம். ஏறத்தாழ 9 இலட்சம் ஆகும் என்பது என் கணக்கு. அதில் விமானச் சீட்டு இருவருக்கும் 1,20,000. நகையை அடகு வைத்து ஓய்வூதியத்தில் மெல்ல மீட்கலாம் என்கிறார் மைத்துனர். மகன் தன் கடனட்டையைத் தருகிறேன் என்கிறான். வைப்பை உடைத்துவிடலாமா என்று நான் யோசிக்கிறேன். துறையூரில் பங்காளி முறையான அண்ணன் ஒருவர், கால் ஏக்கர் நிலம் விலைக்கு வருவதாகவும் வாங்கிப் போடும்படியும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, நீங்கள் இருவரும் போகலாம். தோட்டத்து உத்தியோகத்தர் பலருக்கு ஓய்வோடு குவார்ட்டர்ஸும் போய்விடுகிறது. கைக்கு வந்த சேமலாப நிதியில் பாதி வீட்டுக்கே போய்ச் சேர்கிறது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, மாதாந்தம் ஓர் ஓய்வூதியமும் வருகிறது என்பதால்தான் இவ்வளவு தயக்கமின்றிச் சொல்கிறேன். ஆனால் உங்கள் 9 இலட்சக் கணக்கில் ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய், ஓடாத காருக்குப் போகிறது. பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் வெளியூர்ப் பயணத்துக்குக் கார் அமர்த்தும்போது கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். அதனுடன் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீற்றர் என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் 40 கிலோமீற்றர் ஓடினாலும், உறவினர் வீட்டில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாலும், 250 கிலோமீற்றருக்குரிய பணத்தைக் கொடுத்தாக வேண்டும். சாரதியின் பேட்டா என்னும் நாள்படி, சுங்கச்சாவடிக் கட்டணம், வாகனத் தரிப்புக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். கிலோமீற்றருக்கு 14 இந்திய ரூபாய், பேட்டா நாளுக்கு 500, ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 24 நாளுக்கு வாகனச் செலவு 96,000 இந்திய ரூபாய், அதாவது நம் பணத்தில் 3,36,000. நீங்கள் உண்மையில் ஓடப்போகும் தூரமோ, நான் வரைபடத்தில் கூட்டிப் பார்த்த அளவில், 1,500 கிலோமீற்றரைத் தாண்டாது. பணம் கட்டுவது 6,000 கிலோமீற்றருக்கு.

இதை நான் பட்டறிந்தே எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அழைத்துக்கொண்டு போனபோது பன்னிரண்டு நாளுக்கு ஒரு காரைப் பேசினேன். அதில் ஐந்து நாள் புதுக்கோட்டைப் பக்கம் ஓர் உறவினரின் கல்யாண வீட்டில் கழிந்தது. ஐந்து நாளும் அந்தக் கார் வேப்பமரத்தடியில் நின்றது, சாரதி பந்தலில் எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் பின் இருக்கையில் தூங்கினார். கடைசி நாள் பில்லில் அந்த ஐந்து நாளும் 1,250 கிலோமீற்றராக வந்து நின்றன. நிபந்தனை முன்பணச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆகவே காரை மூன்று துண்டாக அமர்த்துங்கள்: திருச்சியிலிருந்து துறையூர், தஞ்சாவூர், கும்பகோணம் சுற்றிவர நான்கு நாள், மதுரையிலிருந்து இராமேஸ்வரம் போய்வர மூன்று நாள், கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரி மலைக்கு மூன்று நாள். ஒவ்வொரு சுற்றும் புறப்பட்ட ஊரிலேயே முடிய வேண்டும். ஏனென்றால் கார் காலியாகத் திரும்பும் தூரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். நகரத்துக்கு நகரம் ரயிலில் போங்கள். பத்து நாளுக்கு வாகனச் செலவு 40,000 இந்திய ரூபாய், நம் பணத்தில் 1,40,000. மிச்சம் 1,96,000. இந்திய ரயிலில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன் திறக்கும்; பொங்கலை ஒட்டிய இருக்கைகள் திறந்த சற்று நேரத்திலேயே முடிந்துவிடும் என்பதால், அதைக் கோத்தகிரிச் சொந்தங்களிடம் இன்றே ஒப்படையுங்கள். கப்பல் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். காங்கேசன்துறை-நாகப்பட்டினம் சேவை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நிறுத்தப்படுவது உண்டு.

மற்றச் செலவுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உறவினர் வீட்டில் ஒன்பது இரவு போக, பதினான்கு இரவு அறை வாடகை 1,800 இந்திய ரூபாய் வீதம் 88,000 இலங்கை ரூபாய், சாப்பாடும் சில்லறையும் 84,000, ரயிலும் பேருந்தும் 15,000, சுங்கச்சாவடி, நுழைவுச்சீட்டு முதலியவை 21,000, விசாவும் பயணக் காப்புறுதியும் 35,000, அன்பளிப்பு 60,000, எதிர்பாராச் செலவுக்கு 60,000. விமானச் சீட்டையும் காரையும் சேர்த்தால் ஆறேகால் இலட்சத்தை ஒட்டி வருகிறது. அன்பளிப்பில் கை தாராளமாகும் என்பது எனக்குத் தெரியும். கண்டிச்சீமையிலிருந்து, அதாவது நம் மலையகத்திலிருந்து, வந்தவர்கள் என்றால் ஒரு தெருவே திரண்டு வரும். தேயிலைத்தூளை இங்கேயே அரைக் கிலோப் பைகளாக வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் புடவைக் கடைக்குள் நுழைந்தால் அந்த 60,000 ஒரு மாலையில் கரைந்துவிடும். காப்புறுதி எடுக்கும்போது நீரிழிவு, இரத்த அழுத்தம் ஏதும் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்; மறைத்தால் பின்னர் இழப்பீடு மறுக்கப்பட அதுவே காரணமாகலாம்.

நுழைவுச்சீட்டைப் பற்றி ஒரு செய்தி. இந்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் சின்னங்களில் இலங்கை உள்ளிட்ட சார்க் என்னும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு இந்தியருக்குரிய கட்டணமே. மாமல்லபுரத்தில் மற்ற வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்றால் நமக்கு 40. கடவுச்சீட்டைக் காட்டிக் கேட்டு வாங்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டணமே இல்லை. கோத்தகிரி இருக்கும் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச்சீட்டு கட்டாயம். அது இலவசம், அதற்கென்று சாரதி பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனிப் பணம். நீங்கள் யோசிக்கும் வைப்புடைப்புத்தான் மூன்று வழிகளிலும் நட்டம் கூடியது. முதிர்வுக்கு முன் உடைத்தால், வைத்திருந்த காலத்துக்கு வங்கி குறைந்த வீதத்திலேயே வட்டி தரும். அது 5 சதவீதம் என்று வைத்தால், பதினொரு மாதத்துக்கு 40 இலட்சத்தின் மீது நீங்கள் இழப்பது 1,10,000 ரூபாய். முதிர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இதைச் செய்வது, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கூடையைக் கவிழ்ப்பது போன்றது.

நகை அடகுக்கு ஆண்டு வட்டி 14 சதவீதம் என்று கொண்டால், ஐந்து இலட்சத்துக்கு மாதம் 5,800 ரூபாயை ஒட்டி வருகிறது. ஒரு மாதத்தில் மீட்டால் பெரிய பாரமில்லை. ஆனால் மைத்துனர் சொல்வது மெல்ல மீட்பது. 58,000 ரூபாயில் குடும்பம் நடத்திக்கொண்டு முதலையும் மீட்பது எவ்வளவு காலம் இழுக்கும் என்பதை டீச்சரம்மாவிடம் கேளுங்கள். மகனின் கடனட்டைக்கு ஆண்டு வட்டி 25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடும். வெளிநாட்டில் பயன்படுத்தும்போது வங்கி நாணயமாற்றுக்கென ஒரு மேலதிக வீதத்தையும் சேர்க்கும். அட்டையை அவசர ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று மட்டும் கொண்டுபோகலாம்.

நான்காவது வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. வைப்பு அப்படியே இருக்க, அதைப் பிணையாகக் காட்டி அதே வங்கியில் கடன் எடுக்கலாம்; வட்டி பொதுவாக வைப்பு வீதத்தைவிட இரண்டு மூன்று சதவீதமே கூடுதலாக இருக்கும். விமானச் சீட்டைச் சேமிப்புக் கணக்கிலிருந்து வாங்குங்கள். அங்கே மிஞ்சும் 2,30,000 ரூபாயைத் தொடாதீர்கள். ஜனவரி முதல் வாரத்தில் ஐந்து இலட்சத்தை 11 சதவீதத்தில் எடுத்து மாதக் கடைசியில் தீர்த்தால் வட்டி 4,600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பயணத்தைப் பெப்ரவரிக்குத் தள்ளினால் அந்தச் செலவும் இல்லைதான்; ஆனால் பாட்டனார் ஊரில் பொங்கல் பானை பொங்குவதைப் பார்க்க 4,600 ரூபாய் கொடுப்பதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். பயணத்தின் உண்மையான விலை வேறு: அந்த ஐந்து இலட்சம் வைப்பில் இருந்தால் 8 சதவீதத்தில் மாதம் 3,333 ரூபாய் தந்திருக்கும், இனி அது வராது. அதைத் தாங்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

வைப்பு முதிரும் நாளும் நீங்கள் திரும்பும் நாளும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? அறிவுறுத்தல் எதுவும் கொடுக்காமல் போனால், பல வங்கிகளில் வைப்பு தானாகவே இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும். கடனோ வட்டியோடு தொடரும். புறப்படும் முன்னரே, முதிர்வில் கடனைக் கழித்துக்கொண்டு மிகுதியைச் சேமிப்புக் கணக்கில் இடும்படி வங்கிக்குப் போய் எழுதிக் கொடுங்கள். மிஞ்சும் 38 இலட்சத்தை மறுபடி ஒரே வைப்பாக இடாமல், மூன்று மாத இடைவெளியில் முதிரும் நான்கு வைப்புகளாகப் பிரித்திருந்தால், இந்தக் கேள்வியை எனக்கு எழுத வேண்டிய தேவையே அடுத்த முறை இராது.

அதே வருகையில் இன்னொன்றையும் முடித்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரியாக நிறுத்திவைக்கப்படுகிறது. உங்கள் 3,20,000 ரூபாய் வட்டியில் அது 32,000. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வரி அடையாள இலக்கத்துடன் சுயபிரகடனப் படிவத்தைக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அதுவும் வட்டி வரவு வைக்கப்படுவதற்கு முன்.

அங்கே செலவிடப்போகும் பணம் 1,400 டொலருக்குள் அடங்கும். கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு ஆகியவற்றைக் காட்டி வங்கியிலேயே வாங்குங்கள். சந்தியில் நின்று தருபவரிடம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பானது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நாம் மறக்கவில்லை. எனவே ஒரு பகுதியைச் சீட்டு வாங்கியவுடனும் மிகுதியைக் கடன் கிடைத்தவுடனும் வாங்கலாம். நகையைப் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். தாலியைத் தவிர மற்றதை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். திருச்சி விமான நிலையச் சுங்கத்தில் தங்கத்தின் மேல் கண் அதிகம்.

இராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் வரும். தோட்டங்களுக்கு ஆள் கட்டி அனுப்பிய காலத்தில் நம்மவர்களைத் தடுத்துவைத்துப் பரிசோதித்த முகாம் இருந்த இடம் அது. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல்வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. அந்த நாளுக்குக் கார் எப்படியும் 250 கிலோமீற்றருக்குப் பேசியதுதான். ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்வதால் செலவு எதுவும் அதிகரிக்காது.

கடைசியாக, துறையூர் நிலம். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி அங்கே நிலமோ வீடோ வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டுமே விலக்கு உண்டு. அண்ணன் நல்ல மனத்தோடு சொல்லியிருக்கலாம், தன் பெயரில் எழுதி வைத்துக்கொள்வோம் என்றும் சொல்லலாம். அப்படிப் போட்ட பணத்தைப் பின்னால் உங்கள் பிள்ளைகள் கேட்டு நிற்க எந்தப் பத்திரமும் இராது. முன்பணமாக ஆயிரம் ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். இதை இப்போதே தொலைபேசியில் அவரிடம் சொல்லிவிடுங்கள். பொங்கலன்று அவர் வீட்டுத் திண்ணையில் இலைபோட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சொல்வது இருவருக்குமே சங்கடம்.