பிரெஞ்சில் "எத்தனை மணிக்கு?" என்று கேட்பது எப்படி?

நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று பிரெஞ்சில் எப்படிக் கேட்பது, 'கான்' என்று மட்டும் கேட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாரிஸுக்கு வந்து ஆறு வருடமாகிறது. கேட்கப் பழகுவதற்கு ஒரு நாள் போதும். பதிலைச் சரியாகக் காதில் வாங்கத்தான் எனக்கு வெகு நாளாயிற்று.

'கான்' என்றால் 'எப்போது'. அதற்கு 'சனிக்கிழமை' என்றும் பதில் வரலாம். மணி தெரிய வேண்டுமென்றால் 'ஆ கெல் எர்?' என்று கேளுங்கள். 'கெல் எர்' என்பது எத்தனை மணி. முன்னால் நிற்கும் 'ஆ'தான் நம்முடைய '-க்கு'. நாம் கடைசியில் ஒட்டுவதை அவர்கள் முதலில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். 'சா கொமான்ஸ் ஆ கெல் எர்?' என்றால் எத்தனை மணிக்குத் தொடங்கும். 'சா ஃபினி ஆ கெல் எர்?' என்றால் எத்தனை மணிக்கு முடியும். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு 'போன்ஜூர்' சொல்லிவிடுங்கள். அது இல்லாமல் நேராகக் கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இனி பதில். மூன்று மணி என்பது 'த்ருவாஸெர்'. பதின்மூன்று மணி, அதாவது பகல் ஒரு மணி, 'த்ரேஸெர்'. போனில் இரண்டும் ஒன்று போலவே கேட்கும். என் மகளின் பள்ளியில் பாட்டு நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று போனில் கேட்டேன். 'த்ரேஸெர்' என்றார்கள், மூன்று மணி என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை இரண்டே முக்காலுக்குப் போய் நின்றபோது நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் ஒட்டிய காகித இறகைக்கூடக் கழற்றாமல் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "ஏன்பா வரல?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். இன்னும் மனசில் நிற்கிறது.

அன்றிலிருந்து, பதில் வந்ததும் அதை வேறு விதமாகத் திருப்பிக் கேட்கிறேன். மூன்று என்று காதில் விழுந்தால், 'கேன்ஸெர்?' என்பேன், பதினைந்து மணியா என்று. ஆமாம் என்றால் சரி. இரண்டு மணியும் ('தேஸெர்') பன்னிரண்டு மணியும் ('தூஸெர்') இதே மாதிரி குழப்பும். ஆனால் நடுப்பகலைப் பேச்சில் பெரும்பாலும் 'மிதி' என்றே சொல்வார்கள், அதனால் அங்கே கொஞ்சம் தப்பிக்கலாம். ஒன்பது 'நெஃப்'தான், மணியோடு சேரும்போது 'நெவெர்' ஆகிவிடும். புதிதாகக் கேட்பவருக்கு அது வேறு ஏதோ சொல் போலத் தோன்றும்.

அறிவிப்புகளில் 24 மணிக் கணக்குதான். இரவு எட்டரையை 20 போட்டு, எச் எழுத்து போட்டு, 30 என்று எழுதியிருப்பார்கள். வாசிக்கும்போது 'இருபது மணி முப்பது' என்றே சொல்ல வேண்டும். அரை, கால் என்பதெல்லாம் 12 மணிக் கணக்கோடுதான் சேரும்.

அப்புறம், சினிமாவில் போட்டிருக்கும் நேரம் 'செயான்ஸ்' என்கிற காட்சி தொடங்கும் நேரம். முதலில் விளம்பரம் ஓடும், படம் தொடங்கக் கால் மணி நேரம் போல ஆகலாம். நாடகம், ஓபராவுக்கு அப்படி நினைத்துப் போகாதீர்கள். தொடங்கிய பிறகு போனால் கதவைச் சாத்தியிருப்பார்கள். 'ஆந்த்ராக்த்' என்கிற இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டி வரலாம்.