தாங்கியும் டாங்கியும்

வணக்கம் ஐயா,

போன கிழமை மகனோடு வவுனிக்குளக் கட்டில் நின்றேன். அங்கிருந்த ஆங்கிலப் பலகையில் ‘வவுனிக்குளம் டாங்க்’ என்று வாசித்துவிட்டு, “டாங்க் எண்டால் ஆமியின்ர சாமான் எல்லோ அப்பா? குளத்துக்கு ஏன் அந்தப் பேர்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நம்முடைய ‘தாங்கி’தான் ஆங்கிலத்துக்குப் போய் டாங்க் ஆனது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெடியன் நல்ல இடத்தில்தான் பிடித்திருக்கிறான்.

நண்பரின் கதை கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் சொல் அந்த வழியால் போகவில்லை. சுமைதாங்கி, இடிதாங்கியில் இருக்கும் தாங்கி நம்முடைய தனிச்சொல். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தொட்டிக்கு ‘டாங்க்’ ஒலியில் சொற்கள் உண்டு. போர்த்துக்கேயர் ‘தாங்க்கே’ என்றார்கள். அதற்கு மூலமாகத் தேங்கிய நீரைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்றைக் காட்டுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயரின் காதில் இரண்டும் விழுந்து ஒன்றாகிவிட்டன போல. இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சிக்கலோடு நன்றாகவே மல்லுக்கட்டுகிறது.

ஆக, குளம்தான் மூத்தது. இரும்பு பிறகு வந்தது.

முதல் உலகப் போரில் பிரித்தானியர் சங்கிலிச் சில்லு வண்டியை இரகசியமாகக் கட்டினார்கள். லிங்கன் நகரத் தொழிற்சாலையில் உருவாகும் அந்தப் பெரிய இரும்புப் பெட்டி என்னவென்று யாரும் கேட்டால் சொல்ல ஒரு பொய் வேண்டுமே. தண்ணீர் கொண்டுபோகும் தாங்கி என்றார்கள். 1916 செப்டம்பர் 15இல் பிரான்சின் சோம் போர்முனையில் அது முதன்முதலாக இறங்கியபோது பொய் வெளுத்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மீன்தொட்டி, பெற்றோல் தாங்கி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நீச்சல் தடாகத்தையும் டாங்க் என்றதால், அதில் குளிக்கப் போட்ட உடுப்பு வழியாகக் கையில்லாப் பெனியனுக்கும் அந்தப் பெயர் வந்தது.

வன்னியில் நாங்கள் இரண்டையும் ஓர் எழுத்தால் பிரித்து வைத்திருக்கிறோம். தண்ணீருக்குத் தாங்கி, ஆமிக்கு டாங்கி. மீள்குடியேறிய புதிதில் எங்கள் வளவில் செங்கல் அடுக்கி, அதன்மேல் கறுத்தப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று வைத்திருந்தோம். பவுசர் வந்து நிரப்பும். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெடியன் “டாங்கி வந்திட்டுது!” என்று கத்திக்கொண்டு படலையால் ஓடி வந்தான். கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, நனைந்த சீலையைக் கையில் பிடித்தபடியே நிலத்தில் குந்திவிட்டார். ஒழுங்கையில் நின்றது லொறி. அதன்மேல் எங்களுக்கு வரவேண்டிய இரண்டாவது தண்ணீர்த் தாங்கி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ‘தா’வை அழுத்தித்தான் சொல்லுவோம்.

பலகைக்கு வருவோம். ‘வவுனிக்குளம் டாங்க்’ என்றால் வவுனிக்குளம் குளம். ‘நடுசென்டர்’ மாதிரித்தான், பெரிய குற்றமில்லை. மன்னார்க் கட்டுக்கரைக்குளம் இதில் தப்பிவிட்டது. அது ஆங்கிலத்தில் ‘ஜயன்ட்ஸ் டாங்க்’. ராட்சதனைச் சிங்களப் பெயரான ‘யோத வெவ’விலிருந்து எடுத்தார்கள், நம்முடைய கட்டும் கரையும் அதில் இல்லை. எனக்கு அதுதான் கூடுதல் மனவருத்தம்.

ஒரு சொல்லுக்குப் பல முகம் இருப்பது ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. எங்கள் ‘வான்’ என்ன குறைந்ததா? மேலே இருப்பதும் வான், குளம் நிரம்பி வழியும் இடமும் வான், கிளிநொச்சிக்கு ஏறிப்போவதும் வான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்த நாள், “வான் திறந்தாச்சு” என்று கொழும்பிலிருந்த மருமகனுக்குப் போனில் சொன்னேன். “ஆரின்ர வான் மாமா, களவு போட்டுதோ?” என்றான்.

மாரிக்கு உங்கள் குளம் நிரம்பியதும், “வான் பாயுதாம்” என்று மகனிடம் சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடினான் என்று எனக்கு எழுதுங்கள்.