செய்மதி செய்ய ஆசைப்படும் மகளுக்கு எந்தப் பாடம்?

அக்கா, மகள் ஓ.எல். எழுதிவிட்டு ‘செய்மதி செய்யப் போகிறேன்’ என்று நிற்கிறாள், மல்லாவியில் இருந்துகொண்டு இது நடக்கிற காரியமா என்று கேட்டிருந்தீர்கள். நடக்கும். விண்வெளி என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி மட்டும் அலைய வேண்டாம்.

இன்றைக்குச் செய்மதிகளின் திறன் கூடுவது உள்ளே இருக்கிற இலத்திரனியலாலும் மென்பொருளாலும்தான். பூமியைப் படம் பிடிக்கும் செய்மதிகளுக்குப் பெரிய தலையிடி முகில். ஒன்றும் தெரியாத வெள்ளைப் படங்களையும், தரைநிலையத்தைக் கடக்கிற சில நிமிடங்களுக்குள் கீழே அனுப்ப வேண்டும். 2020இல் ஐரோப்பியர்கள் ஏவிய ஃபை-சாட்-1 செய்மதியில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் சில்லு இருந்தது. முகில் மூடிய படங்களை அது மேலேயே கண்டுபிடித்துக் கழித்துவிடும். எங்கள் மாரிகாலத்து வானத்தை நினைத்தால் இதன் அருமை உங்களுக்கே விளங்கும்.

முகிலையும் ஊடுருவிப் பார்க்கிற ராடார் செய்மதிகளும் உண்டு. அவற்றில் ஒன்றான சென்ரினல்-1 எடுக்கும் படங்களை எவரும் இலவசமாக இறக்கலாம். அலையில்லாத நீர் அதில் கறுப்பாகத் தெரியும். இரணைமடுக் குளத்தில் நீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துவிடலாம். பெறுபேறு வரும்வரை மகள் பைதன் என்ற கணினி நிரல்மொழியைப் பழகி இதைச் செய்து பார்க்கட்டும். மடிகணினியும் இணையமும் போதும். அலுக்காமல் இருந்து செய்கிறாளென்றால் ஆசை உண்மையானது.

ஏ.எல்.லுக்குக் கணிதப் பிரிவு: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இணைந்த கணிதத்துக்கு நிலையான ஆசிரியர் இருக்கிற பாடசாலையா என்று விசாரித்துச் சேருங்கள். பாடசாலையின் பேரைவிட அதுதான் முக்கியம். அப்புறம் மின், இலத்திரனியல் அல்லது கணினிப் பொறியியல். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில்தானே இருக்கிறது, வீட்டை விட்டு வெகுதூரம் அனுப்ப வேண்டுமே என்ற பயமும் வேண்டாம்.

இலங்கையின் இராவணா-1 செய்மதி ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான். எங்கள் நாட்டு இளம் பொறியியலாளர்கள் இருவர் யப்பானின் கியூஷூ தொழினுட்ப நிறுவகத்தில் அதைச் செய்தார்கள். 2019இல் விண்ணுக்குப் போனது. இருவரில் ஒருவர் பெண்.

வேலை? செய்மதி வேலை மட்டும் என்றால் இலங்கையில் இடங்கள் மிகக் குறைவு, மேற்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டிவரும். ஆனால் இதே படிப்புக்குத் தொலைத்தொடர்பு, மென்பொருள், ட்ரோன் என்று கதவுகள் நிறைய.

கணிதத்தில் ஏ வந்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். சி என்றால் அவசரப்பட வேண்டாம், பெறுபேற்றோடு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தொழினுட்பப் பிரிவையும் வைத்து ஆறுதலாக இருந்து கதைப்போம்.