குழந்தைக்கு ஸ்நார்கெல்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் கடலோர விடுமுறைக்குச் செல்கிறோம். எங்கள் மகளுக்கு ஆறு வயது. இடுப்பளவு நீரில் ஓரளவு நீந்துவாள். கடலுக்கடியில் இருக்கும் மீன்களை அவளும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மாஸ்க், ஸ்நார்கெல் (முகம் நீரில் இருக்கும்போது வாயால் மூச்சு விட உதவும் குழாய்), துடுப்புக் காலணி மூன்றும் சேர்ந்த குழந்தைகள் செட் ஒன்றை இணையக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா, அல்லது போகும் இடத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்வது சிக்கனமா?

பதில்: மாஸ்க்கையும் ஸ்நார்கெலையும் சொந்தமாக, தனித்தனியாகப் பார்த்து வாங்குங்கள், துடுப்புக் காலணியையும் மிதவை மேலாடையையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்க் முகத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், ஸ்நார்கெல் வாய்க்குள் போகும் பொருள் என்பதோடு, விடுமுறைக்கு முன்பே பழகிப் பார்க்க இவ்விரண்டும் வீட்டில் இருந்தாக வேண்டும். மூன்று பொருளும் ஒரே பெட்டியில் வரும் செட்டுகளில் நல்லவையும் உண்டு. ஆனால் விளையாட்டுப் பொருள் வரிசையில் விற்கப்படும் பலவற்றில் மாஸ்க்கின் ஓரம் பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டிருக்கும். பிவிசி விறைப்பானது, குழந்தையின் சிறிய கன்னத்தோடு படியாமல் நீரை உள்ளே விடும். மென்மையான சிலிக்கான் ஓரமும், டெம்பர்டு (உறுதியூட்டப்பட்டது) என்று குறிக்கப்பட்ட கண்ணாடியும், மூக்கை மூடும் பையும் கொண்ட மாஸ்க்கைத் தேடுங்கள். நீச்சல் குளத்தில் அணியும் கண்ணாடி இதற்கு மாற்றாகாது. அது மூக்கை வெளியே விட்டுவிடுவதால் குழந்தை மூக்கால் நீரை இழுத்துவிடும்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு நீரே தேவையில்லை. பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்து அடக்கச் சொல்லுங்கள். கையை எடுத்த பிறகும் சில நொடிகள் மாஸ்க் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது அவளுடையது. விழுந்தால் எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையைப் பொருள் வந்த அன்றே, ஈரம் படாமல், உறையைக் கிழிக்காமல் செய்வது நல்லது. நீரில் பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர்கள் மறுப்பது வழக்கம். நெற்றி முடி ஓரத்துக்குள் சிக்கினாலும் கசியும் என்பதால் முடியை ஒதுக்கிவிட்டுச் சோதியுங்கள். கசிந்தால் பட்டையை இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இறுக்கும்போது ஓரம் கோணி மேலும் கசியும், குழந்தைக்கு வலிக்கவும் செய்யும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக எடுக்கும் நம் பழக்கம் சட்டைக்குச் சரி, மாஸ்க்குக்கு ஆகாது.

ஸ்நார்கெல் குழாயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரியவர்களின் குழாயைக் குழந்தைக்குக் கொடுப்பது வெறும் வசதிக் குறைவு அல்ல. நாம் வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த மூச்சில் முதலில் உள்ளே வருவது அந்தப் பழைய காற்றுதான். அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்று, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7 மில்லி. 70 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது 500 மில்லிக்கு அருகில் வரும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 140 மில்லிதான். ஸ்நார்கெலுக்கான ஐரோப்பியத் தர விதியான இ.என். 1972 (இது ஆண்டு அல்ல, விதியின் எண்) 150 செ.மீ.க்கு மேற்பட்ட உயரமுள்ளவர்களின் குழாய்க்கு 230 மில்லி வரையும், அதற்கு உட்பட்ட உயரத்தினரின் குழாய்க்கு 150 மில்லி வரையும் உட்கொள்ளளவை அனுமதிக்கிறது. 230 மில்லிக் குழாயில் உங்கள் மகள் சாதாரணமாக மூச்சு விட்டால், புதுக் காற்று அவளை எட்டுவதற்கு முன்பே அந்த மூச்சு முடிந்துவிடும். சிறியவர்களுக்கான வரம்பே ஆறு வயதுக்குத் தாராளமானது என்பதால், குட்டையான, குறுகலான குழாயையே எடுங்கள். பெட்டியில் கொள்ளளவு அச்சிடப்படவில்லை என்றால், குழாயின் ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, அடியில் வால்வு இருந்தால் அதையும் விரலால் அழுத்திக்கொண்டு, நீரை நிரப்பிச் சமையலறை அளவுக் குவளையில் ஊற்றினால் கணக்குத் தெரிந்துவிடும்.

வாயில் கவ்வும் பகுதியையும் கவனியுங்கள். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழுந்து முளைக்கும் காலம் என்பதால், பெரிய கவ்வியைப் பிடித்துக்கொள்ளக் குழந்தையால் முடியாது; சிறிய சிலிக்கான் கவ்வி வேண்டும். குழாயின் உச்சியில் அலை நீரைத் தடுக்கும் அமைப்பு இருப்பது உதவியே. மூழ்கினால் முழுவதுமாக மூடிக்கொள்ளும் மிதவை வால்வு, மணல் சிக்கி மூடியபடியே நின்றுவிடக்கூடும். அதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் கழுவி, ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: வாயில் எதையும் கவ்வாமல், முகம் முழுவதையும் மூடி மூக்காலேயே மூச்சு விடும் மாஸ்க் குழந்தைகளுக்கு எளிது என்கிறார்கள். எட்டு வயது மகனுக்கு அதை வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டேன். எளிது என்பது உண்மைதான். அதனாலேயே அது விற்கிறது. ஆனால் கவ்வியைத் துப்பிவிட்டுத் தலையைத் தூக்கினால் போதும் என்ற நிலை சாதாரண ஸ்நார்கெலில் உண்டு. முழுமுக மாஸ்க்கில் நீர் புகுந்தாலோ மூச்சு முட்டினாலோ பட்டைகளோடு முழுவதையும் கழற்ற வேண்டும், பதற்றத்தில் இருக்கும் குழந்தை அதைத் தானாகச் செய்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலும், வெளிவிட்ட காற்றைத் தனி வழியில் அனுப்பும் ஒருவழி வால்வுகள் சரியாக மூடினால்தான் கரியமில வாயு உள்ளே சேராது. மலிவான போலிகளிலும், முகத்துக்குப் பெரிதான அளவுகளிலும் இது தவறும். பெரும்பாலான தயாரிப்பாளர்களே நீரின் மேற்பரப்பில் நிதானமாக மிதப்பதற்கு மட்டும் என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். எட்டு வயதுப் பையன் நிதானமாக மிதப்பானா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூச்சை இழுக்கும்போது கருவி தரும் தடையே ஸ்நார்கெல் விபத்துகளில் கவனிக்க வேண்டிய காரணம் என்று ஹவாயில் நடந்த ஆய்வு ஒன்று சுட்டியது; அது எந்த வகைக் கருவிக்கும் பொருந்தும். ஆகவே எதை வாங்கினாலும் முதலில் நீங்கள் ஐந்து நிமிடம் அதில் வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். உங்களுக்கே இழுக்கக் கடினமாக இருந்தால் பையனுக்கு அது வேண்டாம்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்காக எல்லாம் வாங்கியாயிற்று. முதல் நாள் கடற்கரையில் மாஸ்க்கை மாட்டியதுமே அழுது, கழற்றி எறிந்துவிட்டான். பணம் வீண்தானா?

பதில்: பொருளில் குறை இருக்காது, வரிசைதான் தலைகீழாகிவிட்டது. அலை, உப்பு நீர், புதிய இடம், மூக்கடைப்பு, வாயில் ரப்பர் என்று ஐந்து புதுமைகளை ஒரே நிமிடத்தில் அவன்மேல் ஏற்றியிருக்கிறோம். மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போய் விளையாட்டுச் சாமானாக்கிவிடுங்கள். குளியல் வாளியில் ஒரு நாணயத்தைப் போட்டு, மாஸ்க் மட்டும் மாட்டிக்கொண்டு, அது எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லலாம். அது வேடிக்கையாகும் வரை குழாயைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். பிறகு உலர்ந்த தரையில், தொலைக்காட்சி பார்க்கும்போது குழாயைக் கவ்வி வாயால் மூச்சு விடட்டும். மூன்றாவதாகக் குளத்தின் ஆழமற்ற பகுதியில், கால் தரையில் ஊன்றியிருக்க, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் நீரில் வைக்கட்டும். குழாயில் நீர் புகுந்தால் பலமாக ஊதி வெளியேற்றுவதை இங்கேதான் கற்றுத்தர வேண்டும். ஊதத் தெரியாத வயதானால், நீர் வந்தால் துப்பிவிட்டு எழுந்து நில் என்ற ஒரே பாடம் போதும். கடலிலும் முதல் நாள் அவன் நிற்கக்கூடிய ஆழத்தைத் தாண்ட வேண்டாம். தெளிந்த நீரில் முழங்காலளவிலேயே சிறு மீன்கள் வரும்.

புது மாஸ்க் மங்கித் தெரிவதும் குழந்தைகள் பயந்து கழற்றுவதற்கு ஒரு காரணம். கண்ணாடியின் உட்புறத்தில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் ஆவியைப் பிடித்துவைக்கும். கண்ணாடி என்று உறுதியானால் பற்பசையை விரலில் தடவி உட்புறம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிளாஸ்டிக் என்றால் கீறல் விழும், செய்யாதீர்கள். பின்னர் ஒவ்வொரு முறையும் நீர்த்த குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தடவி லேசாக அலசினால் போதும்.

நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுக்கும். எடைக்கு ஏற்ப மேற்பரப்பு அதிகமுள்ள குழந்தை உடல் நம்மைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். பதினைந்து, இருபது நிமிடம் ஆனதும், அல்லது உதடு நீலம் பாயத் தொடங்கியதும், அவன் மறுத்தாலும் வெளியே எடுங்கள். இன்னும் வேண்டும் என்று அழுதபடி கரையேறும் பிள்ளை மறுநாள் தானாக மாஸ்க்கைத் தேடி எடுப்பான்.

கேள்வி: படகில் அழைத்துச் சென்று பவளப்பாறையைக் காட்டும் சுற்றுலாவுக்கு ஏழு வயதுக் குழந்தைக்கும் சேர்த்துப் பணம் கட்டப்போகிறோம். என்னென்ன கேட்க வேண்டும்? லைஃப் ஜாக்கெட் அங்கேயே தருவார்கள் அல்லவா?

பதில்: தருவார்கள், குழந்தையின் எடைக்கேற்ற அளவு இருக்கிறதா, கால்களுக்கிடையே கட்டும் பட்டை உண்டா என்று முன்பே கேளுங்கள். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் நீரில் உடல் கீழே நழுவி ஜாக்கெட் மட்டும் மேலே நிற்கும். ஐ.எஸ்.ஓ. 12402 என்ற பன்னாட்டுத் தர விதிப்படி 100 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்று குறித்த லைஃப் ஜாக்கெட், அணிந்தவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்புவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. படகில் செல்லும்போது அதுதான் வேண்டும். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு குப்புற மிதந்து மீன் பார்ப்பது கடினம். நீருக்குள் இறங்கும்போது 50 நியூட்டன் மிதவை மேலாடை வசதியானது; அது நீந்தத் தெரிந்தவருக்கானது என்பதால், கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் அந்தக் குழந்தைக்கென்று மட்டும் இருக்க வேண்டும். காற்றடைத்த கைவளையங்களும் டியூப்களும் இந்த இரண்டுக்கும் மாற்றல்ல; அவை கழன்றுவிடும், கரைக்காற்றில் கடலுக்குள் இழுத்தும் செல்லும்.

மற்றபடி, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், குழந்தைக்குக் குறைந்தபட்ச வயது என்ன, படகில் ஏணியும் நிழலும் உண்டா, வானிலையால் ரத்தானால் பணம் முழுவதும் திரும்புமா ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இன்னொரு கேள்வியையும் விடாதீர்கள்: படகில் ஏறிய பிறகு குழந்தை இறங்க மறுத்தால் கட்டணம் என்னவாகும்? ஏழு வயதில் இது நடக்கக்கூடியதுதான். பணம் திரும்பாது என்றால், கரையிலிருந்தே இறங்கக்கூடிய அமைதியான இடம் ஒன்றில் முதல் இரண்டு நாள்களைக் கழித்துவிட்டுப் பிறகு படகுக்குப் பதிவு செய்யுங்கள்.

வெயிலுக்குக் களிம்பை மட்டும் நம்பாமல், முழங்கை, முழங்கால் வரை மூடும் நீச்சல் சட்டையை வாங்குங்கள். குப்புற மிதப்பவர்களுக்கு அது மூடாத பிடரியும் கெண்டைக்காலும்தான் முதலில் எரியும், அங்கே களிம்பு தடவுங்கள். நீல நிறத்தைத் தவிர்த்து ஆரஞ்சு, மஞ்சள் போன்றவற்றை எடுத்தால் நீரில் தேடுவது எளிது. களிம்பு வாங்கும்போது உட்பொருள் பட்டியலையும் படியுங்கள். வெயிலைத் தடுக்கச் சேர்க்கப்படும் ஆக்ஸிபென்ஸோன் என்ற ரசாயனம் கலந்தவற்றைப் பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லும், ஹவாய் 2021-லும் பவளப்பாறைகளைக் காப்பதற்காகத் தடை செய்துவிட்டன, ஆகவே செல்லும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு வாங்கினால் அங்கே போய் இன்னொரு குப்பி வாங்க வேண்டியிராது.