அம்மனைக் கடைசியாகக் கீறுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 36, கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்கூடத்தோடு விட்ட சித்திரத்தை இப்போது நீர்வர்ணத்தில் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். இயற்கை, பெண், அம்மன் மூன்றையும் சேர்த்து ஒரு தொடர் செய்ய ஆசை. ஆனால் எந்த அம்மனைத் தொடங்கினாலும் கலண்டர் படமாகத்தான் முடிகிறது. சிவப்பு வேறு சேறாகிப் போகிறது. காளியைக் கீறினால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியும் சொல்கிறா. என்ன செய்யலாம்?

பதில்: கண்ணை மூடி லட்சுமியை நினைத்துப் பாருங்கள். தாமரை, சேலைக்கட்டு, உருண்டை முகம் எல்லாம் உடனே வரும். அவற்றில் பெரும்பாலானவை, ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகமும் அதைப் பின்பற்றி வந்தவர்களும் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து மாட்டியவை. ஞாபகத்திலிருந்து கீறும்வரை கை அதைத்தான் கீறும். ஆகவே இரண்டு மாதத்துக்கு அம்மனைத் தொடவே வேண்டாம்.

செடியில் தொடங்குங்கள். அம்மன் என்றதும் வேப்பிலை வருகிறது, ஆனால் அதை ஒழுங்காகக் கீறியவர்கள் குறைவு. ஒரு கொத்தை மேசையில் வைத்துச் சிற்றிலை ஒன்றை மட்டும் பாருங்கள். நடுநரம்பு நடுவில் ஓடாது. ஒரு பாதி ஒடுங்கியும் மறுபாதி அகன்றும் இருக்கும். அடிப்பகுதியில் இரண்டு பாதியும் காம்பை ஒரே இடத்தில் தொடுவதில்லை. நுனி அரிவாள்போல ஒரு பக்கம் வளைந்திருக்கும், ஓரமெல்லாம் பல். இரண்டு பாதியையும் சமமாகக் கீறிவிட்டால் அது எந்த மரத்து இலையுமாகலாம். கொத்து முழுவதும் சேரும்போது அலை மாதிரி ஓர் அசைவு வருவதே இந்தக் கோணலால்தான்.

தாமரையிலும் இதே கவனம் வேண்டும். தாமரை இலை முழு வட்டம், காம்பு அடியில் நடுவில் வந்து சேரும், தண்ணீருக்கு மேலே நிமிர்ந்தும் நிற்கும். நீலோற்பலத்தின், அதாவது நீல அல்லியின், இலையில் விளிம்பிலிருந்து காம்புவரை ஒரு வெட்டு இருக்கும், இலை நீர்மட்டத்தில் மிதக்கும். தாமரைப் பூவுக்கு அல்லி இலை போட்ட லட்சுமிகள் ஊர் நிறைய இருக்கிறார்கள். விகாரைகளுக்கு முன்னாலுள்ள கடைகளில் பூ வாங்கலாம். சிலர் இதழ்களை உள்ளே மடித்துத் தருவார்கள், மடிக்காத மொட்டாகக் கேளுங்கள். இலைக்கு மட்டும் குளத்தடிக்குப் போகத்தான் வேண்டும். நீலோற்பலம் பிற்பகலில் மூடிக்கொள்ளும் என்பதால் காலையில் போங்கள்.

அடுத்தது உடல். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பாருங்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர், கனத்த பையை ஒரு கையில் தூக்கியவர். பாரம் ஒரு காலில் இறங்கும்போது அந்தப் பக்க இடுப்பு மேலே போகும், அதே பக்கத் தோள் கீழே வரும். தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு, பாரம் தாங்கும் காலுக்கு ஒரு கோடு, அவ்வளவு போதும். ஆளுக்கு இரண்டு நிமிடம். தெரியாதவர்களின் முகத்தைக் கீறாதீர்கள், அது மரியாதையுமில்லை, இந்தப் பயிற்சிக்குத் தேவையுமில்லை.

இப்படி ஐம்பது அறுபது சேர்ந்தபின் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய், பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலங்களுக்கு முன்னால் நில்லுங்கள். பார்வதி நிற்கும் திரிபங்கத்தில், அதாவது உடல் மூன்று இடத்தில் வளையும் நிலையில், பஸ் தரிப்பிடத்தின் அதே மூன்று கோடுகள் இருக்கும். ஒரு கை தளர்ந்து தொங்க, மற்றக் கையின் விரல்கள் பூப்பிடிக்கும் கடக முத்திரையில் வெறுமையாக இருக்கும். அந்த விரல்களுக்குள் எந்தப் பூவை வைக்கலாம் என்று யோசிப்பது ஒரு முழுப் படத்துக்குப் போதுமான வேலை.

அங்கேயே காரைக்கால் அம்மையாரையும் பார்க்காமல் வராதீர்கள். வற்றிய உடல், எலும்பு தெரியும் நெஞ்சு, கையில் தாளம். பெண்மை என்று தொடர் செய்ய வருபவர்கள் இருபது வயது அழகிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் அந்தக் கூடத்தில் மிகத் துணிச்சலான உருவம் இவர்தான்.

அளவு பற்றி ஒன்று. சிற்ப நூல்களில் தேவியருக்கு மத்திம தசதாலம், அதாவது பத்துத் தாலம், 120 அங்குலம். இது அடிமட்டத்து அங்குலமல்ல, உருவத்தின் உயரத்தைப் பிரித்த பங்கு. 30 சென்ரிமீற்றர் உருவத்தில் ஒரு பங்கு 2.5 மில்லிமீற்றர், ஒரு தாலம் 3 சென்ரிமீற்றர். தாலம் என்பது முடி தொடங்கும் இடத்திலிருந்து நாடிவரையுள்ள முகம். உச்சந்தலையிலிருந்து அளந்தால் உடல் நீண்டு, உடுப்பு விளம்பரப் பெண் மாதிரி ஆகிவிடும்.

இனிக் கதை. பல அம்மன்களை வரிசையாகக் கீறும் யோசனை இருந்தால் அதை விட்டுவிட்டுக் கண்ணகியை எடுங்கள். மதுரையை எரித்தவளின் கோபத்தை ஆற்றத்தான் மட்டக்களப்புப் பக்கக் கோயில்களில் வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு என்ற இந்தப் போக்கு, வர்ணக்காரருக்குக் கையில் கொடுத்த திட்டம். முதற்படம் முழுக்கச் சூடான நிறங்கள், கடைசிப்படம் நீலமும் பச்சையும், இடையில் நாலைந்து. எல்லாவற்றிலும் முகம் தேவையில்லை. ஒரு சிலம்பு, ஈர வேப்பிலை, தண்ணீர்க்குடம் தூக்கிய இடுப்பு என்று போகலாம்.

சிவப்பு சேறாவது எதனால்? பெரும்பாலும் சிவப்புச் சேலை காயுமுன் பக்கத்தில் வேப்பிலைப் பச்சையைப் போட்டிருப்பீர்கள். இரண்டும் எதிர் நிறங்கள், கலந்தால் மண்ணிறம்தான். கொழும்புக் காற்றின் ஈரத்தில் கடதாசி காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே காயாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் ஈரம். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள கடதாசி வாங்குங்கள், மெல்லியது சுருண்டு நிறம் பள்ளத்தில் தேங்கும். நிழலுக்குக் கறுப்பைக் கலக்காமல் ஒரு துளி கடும்நீலம் விடுங்கள். வர்ணக் குழாயில் நிறமிக் குறியீடு பி.ஆர். 83 (PR83) என்றிருந்தால் அது அலிசரின், வெளிச்சத்தில் மங்கும். பி.வி. 19 (PV19) நின்றுபிடிக்கும். மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசும் ஆசை வந்தால், அதுவும் வெளிச்சத்துக்கு நிற்காது, பயிற்சிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பைப் பழக அபிராமி அந்தாதியின் முதற்பாட்டே போதும். உதய சூரியன், உச்சித் திலகம், மாணிக்கம், மாதுளம்பூ, குங்குமம் கரைத்த நீர் என்று பட்டர் அடுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் 5 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று, ஒன்றைப்போல் மற்றது வராமல் கலந்து பாருங்கள். மாதுளம்பூவில் செம்மஞ்சள் எவ்வளவு இருக்கிறதென்று அப்போதுதான் தெரியும்.

மாமியோடு வாதாட வேண்டாம். பூசையில் வைக்காத பயிற்சிப் படத்தால் வீட்டுக்கு எதுவும் வராது என்பது எங்கள் எண்ணம். ஆனாலும் வரவேற்பறையில் மாட்டி அவவின் மனதை நோகடிப்பதில் லாபமில்லை. காளியை உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் வைத்து, சுவரோடு ஒட்டாத அலுமாரியில் வையுங்கள். கடலோரத்துச் சுவரில் சாய்த்து வைத்த கடதாசியில் ஒரு மழைக்காலத்துக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.